மேல் சபையின் அன்றாட அலுவல்

தேனியிலோ கம்பத்திலோ உயர்நிலைப் பள்ளியில் பாடம் சொல்லிவந்த ஒரு பட்டதாரி உபாத்தியாயருக்கு, 1986-ம் வருஷம் வரையில் நம் ராஜ்யத்தின் சட்ட மன்றத்திற்கு மூன்று வோட்டுகள் இருந்தன. பிரஜைகள் யாவருக்கும் உரியபடி சட்டசபைக்கு ஒன்று. பட்டம் பெற்று மூன்று வருஷம் ஆனவர் என்ற முறையில் மேல் சபைக்கு ஒன்று. மூன்று வருஷம் கற்பித்தவர் என்ற முறையில் அதே மேல் சபைக்கு இன்னொன்று. அவருடைய பள்ளியில் மணி அடிக்கும் சேவகருக்கு ஒரே வோட்டுத்தான். பக்கத்துத் தெருவில் குழந்தையின் விரலைப் பிடித்து அகரம் எழுத வைக்கும் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் பட்டதாரியாக இல்லாவிட்டால் அவருக்கும் ஒன்றேதான். உயர்நிலைக்குக் குறைந்த பள்ளிகளில் கற்பிப்போர் உபாத்தியாயர் தொகுதியில் சேரமாட்டார்கள் என்று அரசியல் சட்டத்தின் 171-வது ஷரத்து விதித்திருந்தது. நாம் வோட்டுப் போடும் வயதை எட்டுவதற்கு வெகு முன்பே அந்தச் சபை மறைந்துபோயிற்று. ஆகையால் இன்று சேவகரும் நாமும் சமம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இழந்துபோன வோட்டுகளுக்காக ஒப்பாரி வைப்பது நம் நோக்கமன்று. மேல் சபை வேண்டும் என்பார் அதை அறிஞர் மன்றம் என்கிறார்கள். வேண்டாம் என்பார் அதைத் தேர்தலில் தோற்றவர்கள் தங்கும் சத்திரம் என்கிறார்கள். இரு சாராரும் விட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில் அந்தச் சபையில் என்னதான் நடந்தது? அதைச் சற்றுப் பார்த்துவிட்டால், மன்றமா சத்திரமா என்பதை வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

அங்கே நடந்த சம்பிரதாயங்களுக்கு மூலம் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை. அந்தச் சபையின் நடவடிக்கைக் குறிப்புகள் 1510-ம் வருஷம் தொட்டு இருக்கின்றன. நாளின் தொடக்கத்தில் பிஷப் ஒருவர் பிரார்த்தனை வாசிப்பார். வந்திருக்கும் பிரபுக்களின் பெயர்களைக் குமாஸ்தா குறித்துக்கொள்வார். லார்டு சான்ஸலர் கம்பளி மயிர் திணித்த திண்டின் மீது அமர்வது 2006 வரையில் வழக்கமாக இருந்தது. பிறகு மசோதாக்கள் வரும்.

ஒரு மசோதாவை மூன்று முறை வாசிக்க வேண்டும் என்ற விதி எப்படி வந்தது என்று நம் மாணவர்கள் கேட்பதுண்டு. காரணம் மிக எளிது. ஆளுக்கு ஓர் அச்சுப் பிரதி கையில் இல்லாத காலம் அது. குமாஸ்தா எழுந்து உரக்கப் படித்தால்தான் மசோதாவில் என்ன இருக்கிறதென்று சபைக்குத் தெரியும். ஒரு முறை கேட்டால் விஷயம் விளங்கும். மறுமுறை கேட்கும்போது வாதம் பிறக்கும். மூன்றாம் முறை கேட்டபின் முடிவு. அச்சுப் பிரதிகள் தாராளமாக வந்த பிறகு தலைப்பை மட்டும் படித்தார்கள். ஆனால் ‘வாசிப்பு’ என்ற பெயரும் மூன்று என்ற கணக்கும் நின்றுவிட்டன. மின்சார விளக்கு வந்த வீட்டிலும் அந்தி வேளையில் அகல் ஏற்றுகிறோம் அல்லவா? அதைப் போலத்தான்.

வோட்டு எடுக்கும்போது அங்கே ‘திருப்தி’, ‘திருப்தியில்லை’ என்று சொல்வார்கள். சபைக்கு வராத பிரபு, வருகிற பிரபுவின் வசம் தம் வோட்டை ஒப்படைத்துவிட்டு வீட்டிலேயே இருக்கலாம் என்ற சௌகரியமும் 1868 வரையில் இருந்தது. மூன்று பேர் வந்தால் சபை நடத்தலாம்; நம் ஊர்ச் சாவடியில் சீட்டாடுவதற்குக்கூட நாலு பேர் வேண்டியிருக்கிறது. இரு சபைகளும் நிறைவேற்றிய மசோதாவுக்கு அரசரின் சம்மதம் பழைய நார்மன் பிரெஞ்சு மொழியில் சொல்லப்படும். சம்மதமில்லையென்றால் ‘மாட்டேன்’ என்று சொல்வதில்லை. ‘அரசர் யோசிப்பார்’ என்பதே மறுப்பு. ஆன் ராணி 1708-ல் அப்படிச் சொன்னதே கடைசித் தடவை. அலுவலகங்களில் நமக்குக் கிடைக்கும் ‘யோசிக்கிறோம்’ என்ற பதிலின் வம்சாவளி அங்கே தொடங்குகிறது போலும்.

ஆனால் பணத்தின் விஷயத்தில் பிரபுக்களின் கை வெகு நாளாகவே கட்டப்பட்டிருந்தது. வரி விதிக்கும் மசோதாவில் பிரபுக்கள் திருத்தம் செய்யலாகாது என்று காமன்ஸ் சபை 17-ம் நூற்றாண்டிலேயே தீர்மானம் செய்துவிட்டது. 1909-ல் பிரபுக்கள் துணிந்து ஒரு வரவுசெலவுத் திட்டத்தையே நிராகரித்தார்கள். அதன் பலன் 1911-ம் வருஷத்துச் சட்டம்: பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, மற்ற மசோதாக்களை இரண்டு வருஷம் தாமதிக்கலாம், அவ்வளவே. 1949-ல் இரண்டு வருஷம் ஒரு வருஷமாகச் சுருங்கிற்று. மேல் சபை என்றால் தடுக்கும் சபை என்பது போய், தாமதிக்கும் சபை என்பது வழக்கமாயிற்று.

சென்னையில் நடந்த கதை வேறு விதமானது. இங்கே சட்ட கவுன்சில் முதலில் மேல் சபையாகப் பிறக்கவில்லை. 1861-ம் வருஷத்துச் சட்டத்தின்படி கவர்னர் தாமே பொறுக்கியெடுத்த சிலரைக் கூட்டி வைத்துக்கொண்டு சட்டம் செய்தார். 1892-க்குப் பிறகுதான் அவர்கள் கேள்வி கேட்கவும் வரவுசெலவைப் பற்றிப் பேசவும் அனுமதி கிடைத்தது. 1921-ல் தேர்தலால் அமைந்த பெரிய கவுன்சில் கூடியபோதும் அது ஒன்றே சபை. உத்தமபாளையத்து ஸர் பி. டி. ராஜன் அங்கத்தினராகவும் மந்திரியாகவும் இருந்து, 1936-ல் சில மாதங்கள் முதல் மந்திரியாகவும் விளங்கியது இந்த ஒற்றைச் சபையில்தான். 1935-ம் வருஷத்துச் சட்டம் அமலுக்கு வந்தபோது, 1937-ல், 215 பேர் கொண்ட சட்டசபை புதிதாகத் தோன்றிற்று. பழைய கவுன்சில் மாடிக்குக் குடிபெயர்ந்தாற்போல் மேல் சபையாயிற்று. அதில் 54-க்குக் குறையாமலும் 56-க்கு மிகாமலும் அங்கத்தினர்கள். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் சொத்தும் பட்டமும் பதவியும் உடையவர்களுக்கே இருந்தது. எட்டு முதல் பத்துப் பேரைக் கவர்னர் நியமிப்பார். இந்தச் சபை கலைவதில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள்.

முதல் அக்கிராசனர் டாக்டர் யு. ராமராவ், 1952 முதல் 1964 வரை அந்த ஆசனத்தில் இருந்தவர் டாக்டர் பி. வி. செரியன். இருவரும் வைத்தியர்கள். நாடி பார்த்துப் பழகியவர்கள் நிதானம் இழக்கமாட்டார்கள் என்று கருதினார்களோ என்னவோ! கடைசி அக்கிராசனரான ம. பொ. சிவஞானம், வறுமையால் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு அச்சுக் கோத்துப் பிழைத்தவர். பட்டதாரிகளுக்கென்று தனித் தொகுதி ஒதுக்கிய சபைக்கு, கல்லூரி வாசலை மிதிக்காத ஒருவர் 1978 முதல் முடிவு வரையில் தலைமை தாங்கினார். அவருடைய தமிழ்ப் புலமையில் குறை கண்டவர் எவருமில்லை. தொகுதிக்குப் பட்டம் கேட்ட சட்டம் ஆசனத்துக்குக் கேட்கவில்லை. நல்ல வேளை.

இனி ஒரு நாளின் அலுவலைப் பார்ப்போம். சென்னைக் கோட்டையில் மணி அடிக்கிறது. அக்கிராசனர் வருகிறார், அங்கத்தினர்கள் எழுந்து நிற்கிறார்கள். சுதந்திரக் குடியரசில் சபை நடத்தப் பத்துப் பேர், அல்லது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு, இவ்விரண்டில் எது அதிகமோ அது வேண்டும். கடைசிக் காலத்தில் மேல் சபையின் பலம் 63. ஆகவே பத்துப் பேர் வந்திருந்தால் போதும். முதலில் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் உபகேள்விகள் கிளம்பும். எழுதிக் கொண்டுவந்த பதிலை எவரும் படித்துவிடலாம்; அடுத்து வரும் உபகேள்வியில்தான் மந்திரிக்குத் தம் இலாகா தெரியுமா என்பது வெளியாகும். மந்திரிகள் எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் இரண்டிலும் பேசலாம். வோட்டு மட்டும் தம் சபையில்தான்.

பிறகு அறிக்கைகளை மேஜை மீது வைப்பார்கள். சட்டசபையிலிருந்து வந்த செய்தியைக் காரியதரிசி படிப்பார்: இன்ன மசோதா அங்கே நிறைவேறிற்று, இங்கே அனுப்பப்படுகிறது என்பதாக. மந்திரி எழுந்து அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமென்று பிரேரணை செய்வார். பொது வாதம் நடக்கும். அது முடிந்ததும் வருவதே உண்மையான வேலை. முதல் ஷரத்து, இரண்டாம் ஷரத்து என்று ஒவ்வொன்றாக எடுத்து, திருத்தம் உண்டா என்று கேட்டு, வோட்டுக்கு விடுவார்கள். பார்வையாளருக்கு இதைப் போல் தூக்கம் வரவழைப்பது வேறில்லை. ஆனால் ‘தாசில்தார் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்’ என்பதை ‘கொடுக்கலாம்’ என்று மாற்றினால், போடிப் பக்கத்துக் குடியானவருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு சொல்லில் ஒருவருடைய நிலம் இருக்கும். அந்தச் சொல்லைச் சட்டசபை பார்த்துவிட்டது; இரண்டாவது முறை வேறு கண்கள் பார்க்கின்றன. மேல் சபையின் நியாயம் முழுவதும் இந்த இரண்டாவது பார்வையில்தான் இருந்தது. பார்த்தார்களா, பார்த்தாற்போல் கையைத் தூக்கினார்களா என்பது நாளைப் பொறுத்தது, ஆளையும் பொறுத்தது.

வரி, செலவு பற்றிய மசோதாவானால் கதை சீக்கிரம் முடியும். பதினான்கு நாளைக்குள் சிபார்சுகளோடு திருப்பி அனுப்ப வேண்டும். சட்டசபை அவற்றை ஏற்கலாம், குப்பையில் போடலாம். மானியக் கோரிக்கைகளின் மீது மேல் சபைக்கு வோட்டே கிடையாது.

மற்ற மசோதாக்களுக்கு எவ்வளவு தாமதம்? 1935-ம் வருஷத்துச் சட்டப்படி, பன்னிரண்டு மாதத்துக்குள் இரு சபைகளும் உடன்படாவிட்டால் கவர்னர் கூட்டுக் கூட்டம் கூட்டலாம். 1950-க்குப் பின் கூட்டுக் கூட்டமும் போயிற்று. முதல் முறை மூன்று மாதம். சட்டசபை மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதம். அதற்கு மேல் மேல் சபை என்ன சொன்னாலும் மசோதா நிறைவேறியதாகவே கருதப்படும். முல்லைப் பெரியாற்று நீரில் பயிர் செய்யும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் மதகு என்றால் சிறு பிள்ளைக்கும் தெரியும். மதகு ஆற்றை நிறுத்துவதில்லை. எப்போது, எவ்வளவு என்பதைத்தான் பார்க்கிறது. இந்த மதகை அதிகமாகப் போனால் நாலு மாதம் மூடி வைக்கலாம்.

இந்த வழியாக நம் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த இரண்டு சட்டங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஒழித்தது. 1871-ல் கவர்னர் ஜெனரலின் கவுன்சிலில் பிறந்த அந்தச் சட்டம், 1911-ல் திருத்தி விரிக்கப்பட்டபின் சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. பிறப்பினாலேயே ஒரு கூட்டத்தாரைக் குற்றவாளிகள் என்று எழுதி வைத்து, கைரேகை வாங்கி, இரவில் ஆஜர் கொடுக்கச் செய்த கொடுமையை மதுரை ஜில்லாவின் பிரமலைக் கள்ளர்கள் அனுபவித்தார்கள். அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் ஜனங்கள் திரண்டபோது, 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டார்கள். அந்தச் சட்டத்தைச் செய்த சபையில் அதற்கு ஆளாகப் போகிறவர்களின் குரல் ஒன்றுகூட இல்லை. 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபைக் காலத்தில், சென்னை மாகாணத்தில் அது ரத்தாயிற்று. ஜூன் 5-ந் தேதியை அதன் நினைவு நாளாகச் சொல்கிறார்கள். ரத்து மசோதா இரு சபைகளையும் கடந்தே சட்டமாயிற்று. எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் இரவுத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்த சட்டம் அது. தேனி, மதுரை, திண்டுக்கல் ஜில்லாக்களில் ‘கள்ளர் சீரமைப்பு’ என்ற பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் அந்தக் காலத்தின் எச்சம்.

மற்றொன்று ஜமீன் ஒழிப்பு. போடிநாயக்கனூரும் கண்டமனூரும் ஜமீன்களாக இருந்தவை. 1948-ம் வருஷத்துச் சட்டம் ஜமீன்களைச் சர்க்கார் வசம் எடுத்து ரயத்துவாரியாக மாற்றிற்று. இரு சபைகளிலும் நிறைவேறிய அதற்கு 1949-ல் கவர்னர் ஜெனரலின் சம்மதம் கிடைத்தது. அப்போது கவர்னர் ஜெனரல் ராஜாஜி. சொத்துக்காரர்களின் வோட்டைப் பெரிதும் நம்பி அமைந்த மேல் சபை, சொத்துக்காரர்களின் நிலத்தை எடுக்கும் மசோதாவைக் கொன்றுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. காலம் அப்படி மாறியிருந்தது. இதில் சபைக்கு எவ்வளவு பெருமை, காலத்துக்கு எவ்வளவு பெருமை என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இனி வராமற்போன ஒன்றையும் சொல்ல வேண்டும். உபாத்தியாயர்களாகிய நமக்கு இதுவே அதிகமாக உறுத்துவது. 1952-ல் ராஜாஜி தேர்தலுக்கு நிற்காமல், கவர்னர் ஸ்ரீபிரகாசாவின் நியமனத்தால் மேல் சபைக்கு வந்து முதல் மந்திரியானார். பிற்பாடு 1967-ல் முதல் மந்திரியான அண்ணாதுரையும் மேல் சபை அங்கத்தினராகவே இருந்தார். ஆனால் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவர். ராஜாஜியின் நியமனம் சட்டத்துக்குப் பொருந்தலாம். ஜனநாயகத்தின் மனத்துக்குப் பொருந்தவில்லை என்பதே நம் அபிப்பிராயம். 1953-ல் அவர் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளியில் மூன்று மணி நேரம், மிச்சப் பொழுதில் பெற்றோரின் தொழில். ‘குலக் கல்வி’ என்று எதிர்ப்பு மூண்டது. 1954-ல் காமராஜ் பதவிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. அந்தத் திட்டம் மசோதாவாக வரவேயில்லை. சர்க்கார் உத்தரவாக வந்தது. முதல் மந்திரியே மேல் சபையில் அமர்ந்திருக்கிறார். உபாத்தியாயர் பிரதிநிதிகளும் அதே சபையில் இருக்கிறார்கள். மூன்று வாசிப்பும் ஷரத்து ஷரத்தான பரிசீலனையும் காத்திருக்கின்றன. ஆயினும் பல லட்சம் குழந்தைகளின் பள்ளி நேரம் அந்த மதகின் பக்கமே வராமல் வேறு வாய்க்காலில் ஓடிவிட்டது. தெருவில்தான் அதற்கு மூன்றாம் வாசிப்பு நடந்தது.

முடிவும் நம் பக்கத்து மனிதரிடமிருந்தே வந்தது. 1984 டிசம்பர் தேர்தலில், அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடியே ஆண்டிபட்டியில் வெற்றி பெற்றவர் எம்.ஜி.ஆர். அவரும் ஒரு காலத்தில், 1962 முதல் 1964 வரை, மேல் சபையில் அங்கத்தினராக இருந்தவர்தாம். 1986-ன் தொடக்கத்தில் நடந்த ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் தி.மு.க. பெருவெற்றி பெற்றது. மேல் சபையில் மூன்றில் ஒரு பங்கினரை ஸ்தல ஸ்தாபனங்கள் அனுப்புவதால், அங்கே எதிர்க்கட்சியின் கை ஓங்கும் என்பது தெளிவாயிற்று. மு. கருணாநிதியும் அப்போது மேல் சபை அங்கத்தினர். அதே சமயத்தில் சர்க்கார் தரப்பில் செய்த ஒரு நியமனம் கோர்ட்டு வரையில் போய்ப் பெரும் சங்கடமாயிற்று. மே 14-ந் தேதி சட்டசபையில் மேல் சபையை ஒழிக்கும் தீர்மானம் நிறைவேறிற்று. பார்லிமெண்டு சட்டம் செய்தது. நவம்பர் 1-ந் தேதியோடு சபை இல்லை.

இதில் ஒரு விசித்திரம். அரசியல் சட்டத்தின் 169-வது ஷரத்துப்படி, மேல் சபையை வைப்பதா எடுப்பதா என்று கேட்கப்படுவது சட்டசபை. சட்டம் செய்வது பார்லிமெண்டு. மேல் சபையின் அபிப்பிராயத்தை எவரும் கேட்க வேண்டியதில்லை. எத்தனையோ மசோதாக்களைப் பார்த்த சபைக்குத் தன்னைப் பற்றிய மசோதாவைப் பார்க்கும் உரிமை இல்லை. செலவு மிச்சம் என்றார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அடுத்த தேர்தலுக்குள் எதிர்க்கட்சிக்குக் கிடைக்கவிருந்த ஓர் ஆசனத் தொகுதி மறைந்தது என்பதும் உண்மை. சத்திரத்தில் வேண்டாதவர்கள் தங்கப் போகிறார்கள் என்று சத்திரத்தையே இடிப்பது நல்ல நிர்வாகமாகாது.

2010-ல் கருணாநிதியின் சர்க்கார் அதை மீண்டும் எழுப்பத் தீர்மானம் செய்தது. பார்லிமெண்டும் அதே வருஷத்தில் 78 அங்கத்தினர் கொண்ட சபைக்குச் சட்டம் இயற்றிற்று. சபை கூடவில்லை. 2011-ல் ஆட்சி மாறியது; ஜூன் மாதத்தில் சட்டசபை பழைய தீர்மானத்தை ரத்து செய்தது. அப்போது முதல் மந்திரியான ஜெயலலிதாவும் அதற்கு முன் ஆண்டிபட்டியின் பிரதிநிதியாக இருந்தவர்தாம். மேல் சபைக்கும் அந்தத் தொகுதிக்கும் ஜாதகப் பொருத்தமில்லை போலிருக்கிறது. 2010-ம் வருஷத்துச் சட்டத்தை நீக்குவதற்கான மசோதா 2012 மே மாதம் டில்லியில், மேல் சபையாகிய ராஜ்ய சபையில் கொண்டுவரப்பட்டது. அது கலையாத சபையாதலால் அங்கே வந்து நிற்கும் மசோதா லேசில் காலாவதியாவதில்லை. அதன் பிறகு பல வருஷங்கள் அந்த மசோதா நிலுவை ஜாபிதாவில் தன் இரண்டாம் வாசிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தது.